காய்ச்சல் விட்ட மத்தியானம்

என் அண்ணிக்கு யாரையும் நம்பத் தெரியாது. குறை சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம், அதற்குத்தான் அவளுக்குச் சம்பளமே. துணி தைக்கும் கம்பெனி வாசலில் நின்று, வேலை முடிந்து போகிற பெண்களின் பைகளைத் துழாவிப் பார்ப்பது அவள் வேலை. பார்த்து முடித்த பையில் சாக்குக்கட்டியால் ஒரு கோடு போடுவாள். கோடு விழுந்த பையை அப்புறம் மேனேஜரே வந்தாலும் திறக்கச் சொல்ல முடியாது.

கம்பெனியோடு நின்றால் பரவாயில்லை. அந்தக் கண்ணை வீட்டுக்கும் எடுத்துக்கொண்டு வந்துவிடுவாள். பால் குறைந்தால் என்னைப் பார்ப்பாள், சோப்பு கரைந்தாலும் என்னைப் பார்ப்பாள். கட்டினவனோடு ஒத்துவராமல் அண்ணன் வீட்டில் வந்து ஒண்டிக்கொண்ட நாத்தனார் நான். பார்க்க வேறு ஆள் ஏது? முன்னறையில் தையல் மெஷினைப் போட்டுக்கொண்டு, அண்ணன் மகளையும் பார்த்துக்கொண்டு கிடந்தேன். பஸ் ஓட்டிக் களைத்து வரும் அண்ணன் எங்கள் பஞ்சாயத்தைக் கேட்டுக் கேட்டு நொந்துபோயிருந்தான். “இன்னொரு தடவை சண்டைன்னு என் காதுக்கு வந்துச்சு, நீ வேற இடம் பாத்துக்கோம்மா” என்று என்னிடம் சொல்லியிருந்தான். பெண்டாட்டியிடம் அப்படிச் சொல்ல முடியுமா, பாவம்.

அவர்கள் மகள் இரண்டாம் வகுப்புப் படிக்கிறாள். வீட்டில் அவள் பெயர் வாலு. ஒரு இடத்தில் உட்காராது, ஒரு பேச்சை முழுதாகக் கேட்காது. அந்த வாலு ஒருநாள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் வராததுமாகப் படுத்துக்கொண்டது. உடம்பு அனலாகக் கொதித்தது. கண்ணுக்குப் பின்னால் வலிக்கிறது என்றாள்.

தெருவில் ஏற்கெனவே டெங்குப் பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்ததால் அண்ணியின் சந்தேகம் நேராக என் பூந்தொட்டிக்குப் போனது. தொட்டிக்கு அடியில் வைத்திருந்த தட்டை இழுத்துப் பார்த்தாள். “வெளியிலேருந்து கொசு வரணுமா என்ன? நீயே வளக்கிறியே!” தேங்கிய தண்ணீரில் புழு நெளிந்தது உண்மைதான். தட்டைக் கவிழ்த்தேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா வாலுவின் விரலில் குத்தி ஒரு சின்னப் பட்டையில் ரத்தத்தை விட்டுப் பார்த்தார். டெங்கு இல்லை என்று வந்தது.

“இல்லைன்னு வந்திருக்கு, ஆனா இதை மட்டும் வெச்சு நான் நம்ப மாட்டேன். நாளன்னைக்குக் கூட்டிட்டு வாங்க, மறுபடி ரத்தம் பாக்கணும். காய்ச்சலுக்கு நான் எழுதின மாத்திரை மட்டும்தான். வலி மாத்திரை எதுவும் குடுத்துடாதீங்க, ரத்தம் கசியும். காய்ச்சல் விட்டதும் ஆச்சுன்னு இருந்துடாதீங்க. அப்பதான் ரொம்பக் கவனிக்கணும்.”

வெளியே வந்ததும் அண்ணி உதட்டைப் பிதுக்கினாள். “ஒரு தடவை பாத்து இல்லைன்னு ஆயாச்சு. அப்புறம் எதுக்கு இன்னொரு தடவை? எங்க கேட்டுல கோடு போட்ட பையை மறுபடி திறந்தா, பாத்தவங்களுக்குப் பாக்கத் தெரியலைன்னு அர்த்தம்.”

ஊரையே சந்தேகப்படுகிறவள் அந்தப் பட்டையை மட்டும் நம்பினாள். மறுபடி போக வேண்டிய நாள் வந்தபோது, “குழந்தையை ஊசியால குத்திக்கிட்டே இருக்கணுமா? நீ உன் தையலைப் பாரு” என்று சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பினாள். குழந்தை அவளுடையது, வீடும் அவளுடையது. நான் என்ன செய்ய?

அதற்கு அடுத்த நாள் மத்தியானம் காய்ச்சல் விட்டது.

சாப்பாட்டுக்கு வந்த அண்ணி நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, என்னைப் பார்த்து ‘பாத்தியா’ என்பதுபோலப் புருவத்தை உயர்த்தினாள். முகம் கழுவப் பின்னால் போனாள். எனக்கு மட்டும் நம்பிக்கை வரவில்லை. அத்தனை நாள் எந்த மாத்திரைக்கும் மசியாத காய்ச்சல் இப்படிச் சொல்லாமல் கொள்ளாமல் போகுமா? போனது சரி, பிள்ளை ஏன் எழுந்திருக்கவில்லை? மூக்கில் உட்கார்ந்த ஈயைக்கூட வாலு ஓட்டவில்லை. கையைப் பிடித்தேன், சில்லிட்டிருந்தது. வயிறு வலிக்கிறது என்றாள். குடித்த தண்ணீரெல்லாம் வாந்தியாக வந்திருந்தது. காலையிலிருந்து ஒன்றுக்கும் போகவில்லை.

“கண்ணு, உனக்கு யாராவது வேற மாத்திரை குடுத்தாங்களா?”

வாலு பின்வாசலைப் பார்த்துவிட்டு என் காதில் சொன்னாள். “அம்மா சிவப்பு மாத்திரை குடுத்தாங்க. நேத்து குடுத்தாங்க, இன்னிக்குக் காலைலயும் குடுத்தாங்க. அத்தைகிட்ட சொல்லக் கூடாதாம்.”

அந்தச் சிவப்பு மாத்திரையை எனக்குத் தெரியும். கம்பெனி முதலுதவிப் பெட்டியில் இருப்பது. நாள் முழுக்க நிற்கிற பெண்கள் இடுப்பு வலிக்குப் போட்டுக்கொள்வார்கள். எனக்கே ஒருமுறை அண்ணி தந்திருக்கிறாள். டாக்டரம்மா கொடுக்கவே கூடாது என்று சொன்ன வலி மாத்திரை.

“என்ன குசுகுசுன்னு பேச்சு?” முந்தானையில் முகத்தைத் துடைத்தபடி அண்ணி நின்றாள்.

“பிள்ளைக்குக் கை கால் சில்லுன்னு இருக்கு அண்ணி. ஆஸ்பத்திரிக்குப் போகணும்.”

“காய்ச்சல் விட்டா சில்லுன்னுதான் இருக்கும். இரு, இவ ஏன் இப்படித் துவண்டு கிடக்கா? நான் இல்லாதப்ப நீ என்ன குடுத்த?”

அந்தக் கேள்விக்கு அவளை அறைந்திருக்கலாம். அதற்கு நேரமில்லை. வாலுவை அள்ளித் தோளில் போட்டுக்கொண்டு தெருவுக்கு ஓடி ஆட்டோவை நிறுத்தினேன். “எங்கடி கொண்டுபோற?” என்று கத்திக்கொண்டே அண்ணியும் ஏறிக்கொண்டாள். போகிற வழியில் அண்ணனுக்குப் போன் போட்டேன்.

டாக்டரம்மா வாலுவின் நகத்தை அழுத்திவிட்டுப் பார்த்தார். வெளுத்த நகம் சிவக்க நேரம் பிடித்தது. ரத்த அழுத்தம் பார்க்கிற பட்டையைக் கையில் இறுக்கிச் சற்று நேரம் விட்டு எடுத்தார். முழங்கைக்குக் கீழே வேர்க்குரு போலச் சிவப்புப் புள்ளிகள் கிளம்பியிருந்தன. ரத்தம் எடுத்துக்கொண்டு ஓடினார்கள், முடிவோடு திரும்பினார்கள்.

“டெங்குதான். முதல் தடவை பிடிபடலை. இப்ப ரத்தக் குழாயிலேருந்து தண்ணி வெளியே கசிஞ்சு ரத்தம் கெட்டியாயிருக்கு. தட்டணுக்களும் குறைஞ்சிருக்கு.” சலைன் ஏறத் தொடங்கியது. டாக்டரம்மா எங்கள் பக்கம் திரும்பினார். “நான் எழுதினது தவிர வேற ஏதாவது மாத்திரை குடுத்தீங்களா? திட்டறதுக்குக் கேக்கலை. உள்ள ரத்தம் கசியுமான்னு நான் தெரிஞ்சுக்கணும். உண்மையைச் சொல்லுங்க.”

அதற்குள் அண்ணன் காக்கிச் சட்டையோடு மூச்சிரைக்க வந்து சேர்ந்திருந்தான். “என்ன கேக்கறாங்க? யாராவது ஏதாவது குடுத்தீங்களா?”

நான் அண்ணியைப் பார்த்தேன். மடியில் கனம் இருந்தால்தான் வழியில் பயம் என்று கம்பெனிப் பெண்களிடம் ஓயாமல் சொல்கிறவள், தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. ‘அண்ணிதான் குடுத்தாங்க’ என்று நான் சொன்னால் அவள் இல்லை என்பாள், நான் ஆமாம் என்பேன், அங்கேயே பஞ்சாயத்து தொடங்கும். டாக்டரம்மா எதை நம்புவார்? கட்டிலில் கிடக்கிற பிள்ளை அதுவரை தாங்குமா?

“நான்தாங்க குடுத்தேன். இடுப்பு வலிக்குப் போடற சிவப்பு மாத்திரை. நேத்து ஒண்ணு, இன்னிக்குக் காலைல ஒண்ணு.”

டாக்டரம்மா உடனே நர்ஸிடம் திரும்பி ஏதேதோ சொன்னார். ரத்த வங்கிக்கு ஆள் ஓடியது. அண்ணன் மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“உன்னை நம்பித்தானே விட்டுட்டுப் போனேன்? பிள்ளை எழுந்து உக்காரட்டும். நீ கிளம்பிடு.”

அண்ணி குனிந்து வாலுவின் போர்வையை இழுத்துவிட்டாள்.

ராத்திரி தாண்டி, மறுநாள் சாயங்காலம் வாலு ஒன்றுக்குப் போனாள். ஒரு பிள்ளை மூத்திரம் போனதற்கு ஒரு வார்டே சிரித்ததை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். கையில் சூடு திரும்பியிருந்தது. பல் ஈறில் லேசாகக் கசிந்ததோடு ரத்தம் நின்றுவிட்டது. “தாண்டிட்டா. நல்லவேளை மாத்திரை விஷயத்தை மறைக்காம சொன்னீங்க” என்று டாக்டரம்மா என் தோளைத் தட்டினார். அடக்கி வைத்திருந்த அழுகையெல்லாம் எனக்கு அங்கேயே வந்தது.

வராந்தாவில் முகம் கழுவிக்கொண்டு நிமிர்ந்தேன். பின்னால் அண்ணி.

“எதுக்கு அப்படிச் சொன்ன?” குரலைத் தாழ்த்திக் கேட்டாள். “என்னை உன் கைக்குள்ள போட்டுக்கலாம்னா? உனக்கு என்ன வேணும்?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உயிரைக் கொடுத்தாலும் உள்ளே என்ன இருக்கிறது என்று துழாவிப் பார்ப்பாள் போலிருக்கிறது.

“டாக்டருக்குப் பதில் வேணும் அண்ணி. உங்களுக்கு வாய் வரலை. எனக்கு வேண்டியது வாலு. வேற ஒண்ணும் வேணாம்.”

அண்ணி என் முகத்தை வெகுநேரம் பார்த்தாள். எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை போலும், கண் கலங்கியது. சட்டென்று திரும்பி வார்டுக்குள் போனாள். வாலுவின் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அண்ணன் முன்னால் போய் நின்றாள்.

“ஏங்க, மாத்திரை குடுத்தது நான். அவ குடுக்கலை. அவளுக்குத் தெரியக்கூட விடலை. வலி தாங்காம புள்ள அழுதா, எனக்குப் பாக்க முடியலை.”

அண்ணன் எழுந்தான். நேராக வராந்தாவுக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டான்.

“ஏம்மா இப்படிப் பொய் சொன்ன?”

அண்ணி என்னை நம்பாதது எனக்குப் பழகிப்போனது, அவள் யாரைத்தான் நம்பினாள்? இவன் அப்படியில்லை. யாரையும் தப்பாக நினைக்காதவன், என்னைத் தூக்கி வளர்த்தவன். கையை இழுத்துக்கொண்டேன்.

“நான் சொன்னதும் நீ ஏண்ணா உடனே நம்பின?”