இழுத்து நடந்த கால்

மேஸ்திரியாவதற்கு முன்னால் அவரும் அந்தச் சலவைக்கூடத்தில் ஈரப்போர்வை சுமந்த ஆள்தான். மேலே வந்ததும் தொண்டை மட்டும் பெரிதாகிவிட்டது. ஆட்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள்.

முதலாளி கூப்பிட்டுவிட்டார். "இப்படிக் கத்தினா எவன்யா நிப்பான்? ஆளுங்களோட ஒட்டி நாலு வார்த்தை பேசு. இல்லேன்னா நான் வேற மேஸ்திரி பாத்துக்கறேன்."

மறுநாளிலிருந்து மேஸ்திரி பேசினார். தள்ளுவண்டி ஏறி யாருக்கோ கால் நசுங்கியதாகக் காதில் விழுந்திருந்தது. சுருட்டைமுடிக்காரனுக்குத்தான் என்று அவராகவே வைத்துக்கொண்டார். "என்ன மாப்ளே, கால் எப்படியிருக்கு?" என்று தினமும் கேட்பார். பதில் வருவதற்குள் அடுத்த மெஷினுக்குப் போயிருப்பார்.

ஒருநாள் முதலாளி நேரில் பார்க்க வந்தார். அவர் காதுபட மேஸ்திரி அதையே கேட்டார்.

"பரவாயில்லைண்ணே," என்றான் சுருட்டை.

"எங்கே, நட பாப்போம்," என்றார் முதலாளி.

சுருட்டை ஒரு நொடி முழித்தான். பிறகு காலை இழுத்து இழுத்து நடந்துகாட்டினான். சோப்புக் கரைக்கிற அக்கா சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். முதலாளி மேஸ்திரியின் முதுகில் தட்டிவிட்டுக் காரேறினார்.

கூடமே வெடித்துச் சிரித்தது.

"ஏண்டா, போறப்ப இடது கால், வர்றப்ப வலது காலா?" என்றாள் அக்கா.

மேஸ்திரிக்கு ஒன்றும் ஓடவில்லை. "உனக்கு அடி படலையா?"

"எனக்கு எங்கண்ணே பட்டுச்சு? மொத நாளே சொல்ல வாயெடுத்தேன், நீங்க நிக்கலை. இன்னைக்கு உங்க பொழப்பாச்சேன்னு நடந்தேன்."

"அப்ப அடிபட்டது யாருக்கு?"

சிரிப்பு நின்றது. எல்லார் கண்ணும் இஸ்திரி மேஜைக்குப் போனது. அங்கே நின்ற ஒல்லி ஆளைத்தான் காலையில் மேஸ்திரி, "ஆமைக்குப் பொறந்தவனே, கையை ஆட்டு," என்று அத்தனை பேர் முன்னாலும் வைதிருந்தார். வீங்கிய கால் செருப்புக்குள் நுழையாததால், அந்த ஆள் செருப்பைக் காலோடு கயிறு சுற்றிக் கட்டியிருந்தார்.

மேஸ்திரிக்கு அப்போதுதான் உறைத்தது. தன்னைக் காப்பாற்ற ஒருத்தன் நொண்டியிருக்கிறான். நிஜமாக நொண்டுகிறவரைத் தான் ஏசியிருக்கிறோம். ஒரு ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு இஸ்திரி மேஜைக்குப் போனார். அவர் வருவதைப் பார்த்ததும் ஒல்லி ஆளின் கை பதறி வேகமெடுத்தது.

"உக்காந்து தேய்ங்கண்ணே."

ஒல்லி ஆள் நிமிரவே இல்லை.

"மொதலாளிதான் கிளம்பிட்டாரே," என்றார்.

அக்கா குனிந்து சோப்பைக் கலக்கினாள். மேஸ்திரி ஸ்டூலைக் கையில் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார்.