சாம்பல் மேல் விழுந்த பழி

"குழாய்க்கும் வயசாகுமாம்மா?" என்று வெள்ளையம்மாளின் சின்ன மகள் ஒருநாள் கேட்டாள். பாத்திரம் தேய்க்கும் அங்கணத்தில் தண்ணீர் வடியாமல் தேங்கி நின்றது. அதே கேள்வி வீட்டுச் சொந்தக்காரர் சின்னையாவுக்கும் தோன்றியிருக்கலாம்; தோன்றவில்லை.

"சாம்பலப் போட்டுத் தேய்ச்சே குழாய அடைச்சிட்டீங்க. ஆடி பொறக்கறதுக்குள்ள வீட்டக் காலி பண்ணுங்க!" என்று அவர் தெருவே கேட்கக் கத்தினார். ஆடி பிறந்துவிட்டால் திருச்சியில் யார் குடிவைப்பார்கள்?

"உங்க வீட்டுல என்ன, சந்தனம் போட்டா தேய்க்கிறாங்க?" என்றாள் வெள்ளையம்மாள்.

பக்கத்து வீட்டு சாரா பீவி அவளைக் கூப்பிட்டாள். "எங்க கெணத்தடியில வந்து தேய்ச்சுக்க, புள்ள. கெணறு ஒண்ணும் கோவிச்சுக்காது."

அன்றிலிருந்து அங்கணத்தில் சாம்பலே விழவில்லை. ஆனாலும் தண்ணீர் வடியவில்லை. உள்ளே சாம்பல்தான் என்று காட்டுவதற்காகச் சின்னையா கடப்பாரையால் அந்த இரும்புக் குழாயைத் தட்டினார். குழாய் விண்டுவிட்டது. உள்ளே ஒரு சிட்டிகை சாம்பல்கூட இல்லை. ஏடு ஏடாகத் துருவேறி, சுண்டுவிரல் நுழையும் அளவுக்குத்தான் துவாரம் இருந்தது.

"பழைய இரும்பு" என்று முணுமுணுத்தவர், புதுக்குழாய் போட்டுவிட்டு, காலி பண்ணும் பேச்சையே எடுக்காமல் போய்விட்டார்.

"திட்டுனது தெருவுக்கே கேட்டுச்சு. தப்புன்னு என் காதுக்காவது சொல்லக் கூடாதா?" என்று வெள்ளையம்மாள் புலம்பினாள். ரங்கநாதரிடமே முறையிட்டாள். முறையிடும்போதே சாரா பீவியின் முகம் நினைவுக்கு வந்தது.

மறுவாரம் சாரா பீவி குடும்பத்தோடு துறையூருக்குக் கல்யாணத்துக்குப் போயிருந்தாள். வெள்ளையம்மாள் தேங்காய் நாரோடு போய், அந்தக் கிணற்றடிப் பாசியையெல்லாம் தேய்த்துக் கழுவினாள். தொட்டி நிறையத் தண்ணீர் இறைத்து ஊற்றினாள். பிறகு படலைச் சாத்திவிட்டு வந்தாள்.