முழங்காலுக்குக் கீழே ஒரு முடிச்சு

எட்டாம் வகுப்புக்கு வருஷா வருஷம் நான் நடத்தும் பாடம்தான். கீழ்க்காலில் இரண்டு எலும்புகள். உள்பக்கம் தடியான டிபியா, வெளிப்பக்கம் ஒல்லியான ஃபிபுலா. முழங்காலுக்குச் சற்றுக் கீழே இரண்டும் சேரும், நடுவே ஒரு சவ்வு பிடித்திருக்கும், கணுக்காலில் பாதத்தை இரு பக்கமும் கவ்விக்கொள்ளும். கரும்பலகையில் படம் போட்டே பதினோரு வருஷம் ஓட்டிவிட்டேன். என் காலிலேயே படிக்க வேண்டியிருக்கும் என்று யார் கண்டது?

புதன்கிழமை, சோமனூரில் எங்கள் தறிக்குடோன் வாசலில் டிவிஎஸ் ஃபிப்டியோடு சறுக்கி விழுந்தேன். டிபியா முறிந்தது. ஆஸ்பத்திரி என்றேன். என் வீட்டுக்காரர் ஈஸ்வரமூர்த்தி தலையைச் சொறிந்தார். முந்தின நாள்தான் மாரியம்மனுக்கு நோம்பி சாட்டி, திருவிழாவை ஊருக்கு அறிவித்திருந்தார்கள். சாட்டிவிட்டால் கோயில் பொங்கல் முடியும்வரை, பதினைந்து நாள், ஊரார் யாரும் வெளியூரில் இராத்தங்கக் கூடாது.

"அங்க படுக்கப் போட்டுட்டாங்கன்னா என்ன பண்றது கண்ணு? நம்ம குமாரசாமியண்ணன் கட்டாத எலும்பா?"

வைத்தியர் குமாரசாமி வந்தார். முட்டை வெள்ளைக்கரு, உளுந்து மாவு, மூங்கில் சிம்பு, மேலே காடாத் துணி. நன்றாகத்தான் கட்டினார். ஆனால் மேல் முடிச்சை வெளிப்பக்கம், ஃபிபுலாவின் தலைக்குக் கீழே வைத்து இறுக்கிவிட்டார். பாதத்தைத் தூக்கும் நரம்பு அந்த இடத்தில்தான் எலும்பைச் சுற்றித் தோலுக்கு அடியிலேயே ஓடுகிறது. வெள்ளிக்கிழமை பாதத்தின் மேற்புறம் மரத்தது. சனிக்கிழமை கட்டைவிரல் மேலே வரவில்லை.

முடிச்சை அவிழ்க்கச் சொன்னேன். "ஒடைஞ்சது உள்பக்க எலும்புதானுங்க அம்மணி. நல்லா இருக்கற எலும்புக்கு என்ன வந்துச்சு? அமாவாசைக்கு முன்னால அவுத்தா வெலகிப்போயிருமுங்க" என்றார் குமாரசாமி.

"டீச்சரம்மா பாடம் எடுக்குது" என்று என் மாமியார் சாமியாத்தாள் சிரித்தார். மரியாதைக்கு ஒரு குறைச்சலும் இல்லை; முடிச்சை அவிழ்க்கத்தான் ஆளில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

திங்கட்கிழமை காலையில் கத்தியே பார்த்தேன். தறிச் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? எழுந்து ஓடவும் முடியாது. நடக்காமலே போய்விடுவேனோ என்று பயந்தேன். கடைசியில், "பூத் தொடுக்கோணுமுங்க அத்தை" என்று பொய் சொல்லிக் கத்தரிக்கோல் வாங்கினேன். அவர் அந்தப் பக்கம் போனதும் முடிச்சை அறுத்தேன். சிம்பு சரிந்தது. உள்ளே எலும்பு நகர்ந்தது. உயிர் போய்த் திரும்பியது.

மத்தியானம் சாப்பிட வந்த ஈஸ்வரமூர்த்தி, அறுந்து கிடந்த துணியைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து என் பாதத்தையே பார்த்தார்.

"அதான் அவுத்துப்போட்டயல்லோ. எங்கே, வெரலைத் தூக்கு கண்ணு, பாக்கலாம்."

"தூக்கிட்டுத்தானுங்க இருக்கறேன்."