சாலோமியின் கேசட்டுக்கு ஒரு டெக்

என் மனைவி சாலோமி இருபது வயதில் பாளையங்கோட்டை கன்வென்ஷன் மேடையில் தனியாகப் பாடினாள். அந்தப் பாட்டு ஒரே ஒரு வீடியோ கேசட்டில்தான் இருக்கிறது. தைராய்டு ஆபரேஷனுக்குப் பிறகு அவளுக்குப் பேச்சு கரகரப்பாக வருகிறது, பாட்டு வரவில்லை. அதற்கப்புறம் பிறந்த எங்கள் மகள் ஜெசி, அம்மா பாடிக் கேட்டதே இல்லை.

கேசட்டின் ஓரத்தில் வெள்ளையாகப் பூசணம் பிடிக்கத் தொடங்கியிருந்தது. இன்னும் ஒரு தடவை ஓடும், அதற்குமேல் சொல்ல முடியாது. ஆகவே கேசட்டை ஓட்டும்போதே தனக்குள் டிவிடியில் பதிந்துகொள்ளும் டெக் வேண்டியிருந்தது. புதிதாக எங்கும் கிடைக்காது. பழையதில் நல்லதாகப் பார்த்து எடுத்துவிடலாம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

எங்கள் சபையின் ஸ்தோத்திரப் பண்டிகை ஏலத்தில் அப்படி ஒன்று வந்தது. அமெரிக்காவிலிருந்து திரும்பிய ஒரு குடும்பம் காணிக்கையாகக் கொடுத்தது. மினுமினுவென்று இருந்தது. நான் எழுந்து, "ஒரு தடவை ஓட்டிக் காட்டுவியளா?" என்று கேட்டேன்.

பந்தலே சிரித்தது. ஏலம் கூறிய ஞானையா அண்ணாச்சி மைக்கிலேயே பிடித்துக்கொண்டார்.

"ஏன் வே, போன வருஷம் எலுமிச்சம்பழம் எடுத்தீரே, பிழிஞ்சு பாத்தா எடுத்தீரு? இது ஆண்டவருக்குக் குடுத்தது வே!"

ஏலப் பொருளை யாரும் சோதிப்பதில்லை. எடுப்பதும் காணிக்கைதான். நான் உட்கார்ந்துவிட்டேன். ஆனால் சாலோமியின் தம்பி ஜோஷுவா, அக்காவுக்காக என்று தூக்கிய கையை இறக்கவே இல்லை. டெக் அவனுக்கே விழுந்தது.

வீட்டுக்கு வந்த வேகத்தில், கூடவே கிடைத்த டிரான்ஸ்ஃபார்மரில் அதை மாட்டி, அக்காவின் கேசட்டைக் கையில் எடுத்தான். நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"என்ன அத்தான், எம் மேல நம்பிக்கை இல்லியா?"

"உம் மேல இருக்கு மாப்ள. பெட்டி மேலதான் இல்ல. முதல்ல இதப் போடு" என்று ஒரு பழைய கிரிக்கெட் கேசட்டை நீட்டினேன்.

படம் கறுப்பு வெள்ளையில் உருண்டுகொண்டே இருந்தது. சத்தம் இழுத்தது. அமெரிக்காவில் பதிவு முறை வேறு. அங்கத்திய டெக் நம் ஊர்க் கேசட்டைச் சரியாக ஓட்டாது. போதாததற்கு, வெளியே எடுத்தபோது நாடா கசங்கிச் சுருண்டு வந்தது.

"அக்கா கேசட்டா இருந்தா..." என்றான் ஜோஷுவா. முகம் செத்துவிட்டது.

"அதான் இல்லியே. நாளைக்கு மேலப்பாளையம் வா."

மேலப்பாளையத்தில் ரசீத் பாய் கடையில் சவுதியிலிருந்து வந்த டெக் ஒன்று இருந்தது. எல்லா முறையும் ஓட்டும் வகை. மேலெல்லாம் கீறல்.

"பாக்க நல்லாவே இல்லியே அத்தான்" என்று ஜோஷுவா முனகினான்.

"பொண்ணு பாக்கவா வந்திய?" என்றார் ரசீத் பாய்.

நான் இன்னொரு கிரிக்கெட் கேசட்டைப் போட்டேன். ஓட்டினேன், நிறுத்தினேன், வெளியே எடுத்து நாடாவின் ஓரத்தை வெளிச்சத்தில் பார்த்தேன். மறுபடி போட்டு டிவிடியில் கொஞ்சம் பதிந்து, அந்த டிவிடியை வேறு பிளேயரிலும் ஓட்டச் சொன்னேன்.

"அண்ணாச்சி, வாங்க வந்தியளா, பரீட்சை வைக்க வந்தியளா?"

"பாஸாயிட்டு பாய். கட்டுங்க."

ஞாயிறு ஆராதனை முடிந்து வந்ததும் சாலோமியின் கேசட்டை நானே வைத்தேன். பதிவு விளக்கு சிவப்பாக எரிந்தது. திரையில் வெள்ளைக் கோடுகள் ஓடின; கோடுகளுக்குப் பின்னால் மஞ்சள் தாவணியில் ஒரு பெண் மைக்கைச் சரிசெய்தாள். ஜோஷுவா மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. அப்புறம் அந்தக் குரல் வந்தது, ஒரு கரகரப்பும் இல்லாமல்.

சாலோமி சேலை முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டு நின்றாள். முதல் சரணம் முடிவதற்குள் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"இந்த இடத்துல சுதி இறங்கிட்டு. கேக்குதா? அன்னிக்கே டீச்சர் என்னைய..."

ஜெசி திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கையை மட்டும் நீட்டி அவளைத் தடுத்தாள்.

"ச்சூ! பேசாதம்மா. அம்மா பாடுதாவ."