இறுகாத பட்டி

என் அண்ணன் இறந்து பதினோரு வருடம் ஆன பிறகும் அவர் கடைசியாகப் பிசைந்து வைத்த பட்டி இறுகவில்லை. பின்னறை ஜன்னலுக்குக் கீழே, ஒரு கண்ணாடித் துண்டின் மேல், கைப்பிடி அளவில், அவருடைய நான்கு விரல்கள் பதிந்த பள்ளத்தோடு அது இருந்தது. இருபது நிமிடத்தில் கல்லாகிவிடும் என்று டப்பாவில் எழுதியிருந்தது. வீட்டுக்கு வருகிறவர்கள் கேட்டால் அண்ணி தொட்டுப் பார்க்க விடுவார். கை கழுவிவிட்டுத் தொட வேண்டும், அவ்வளவுதான்.

அண்ணனுக்குக் கார் பட்டறையில் வேலை. இடித்துக்கொண்டு வரும் வண்டிகளின் ஒடுக்கை உள்ளிருந்து தட்டி எடுப்பார். தட்டியும் நிமிராத பள்ளத்தில் பட்டி பூசி, காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்த்து, இடித்த இடம் எது என்று இடித்தவனே மறந்துபோகும்படி செய்துவிடுவார். கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் கதவைத் தடவி, தலைமுடி கனத்துக்கு இருக்கும் மேட்டையும் சொல்லுவார். கண் ஏமாந்துபோகும், கை ஏமாறாது என்பது அவர் கட்சி. வழவழவென்ற தகட்டை முதலில் கீறிவிட்டுத்தான் பட்டி வைப்பார். கீறல் விழாத இடத்தில் எதுவும் ஒட்டி நிற்காது என்பார். தொழிலில் இவ்வளவு பூசியவருக்குப் பேச்சில் மட்டும் பூசி மெழுகத் தெரியாது. முதல் தடவை மாமனார் வீட்டுக்குப் போனபோதே, "உங்க சுவத்துல பட்டி சரியா பார்க்கலையே மாமா" என்று சொல்லிவிட்டு வந்தவர்.

கணினிப் பெட்டிகளுக்கு அவர் வந்தது தற்செயல். பக்கத்துத் தெருவில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்தவர் ஆள் குட்டை. எங்களுக்கெல்லாம் அவர் 'மவுஸ்'. மாடிப்படியில் உருண்டு நசுங்கிய தகரப் பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து, "வண்டிக்குப் பாக்குற மாதிரி இதுக்கும் கொஞ்சம் பட்டி பாருங்கண்ணே" என்றார். அண்ணன் அந்த ஒடுக்கை எடுக்காமல் வளர்த்துவிட்டார். ஒரு வாரம் கழித்து அந்தப் பெட்டி பழைய கார் ஒன்றின் முன்பக்கம்போல வளைந்து பளபளவென்று நின்றது. அதை ஆன் செய்தால் லேசாகப் பெட்ரோல் வாசனை வந்தது. மவுஸ் பெட்டியை வாசலில் வைத்தார், ஆட்கள் வரத் தொடங்கினார்கள்.

எபாக்சி எலும்பு, ஃபில்லர் சதை, பெயிண்ட் சட்டை. இதுதான் அண்ணனின் பாடம் முழுவதும். இரண்டு நிற உருண்டைகளைச் சம அளவு எடுத்து ஒரே நிறமாகும்வரை பிசைந்தால் எபாக்சி பட்டி. அதைக் கம்பிவலைமேல் அப்பி உருவம் எடுப்பார். அதன் மேல், காருக்குப் பூசும் ஃபில்லரில் பட்டாணி அளவு சிவப்பு ஹார்டனரைக் கலந்து இழைப்பார். ஓய்வுபெற்ற தபால்காரருக்கு ஒரு மலை செய்து கொடுத்தார். விடிகாலையில் அதன் உச்சியில் பனி இறங்கும். தபால்காரர் துண்டால் துடைத்துவிட்டுச் செய்தி படிப்பார். பல் டாக்டருக்குச் செய்த திமிங்கலம் சூடு ஏறினால் பெருமூச்சு விட்டது. கணக்காளர் வீட்டுக்குத் தூங்கும் பூனை வடிவில் ஒன்று போனதும் அங்கிருந்த எலிகள் வீட்டைக் காலி செய்தன. சர்வீஸ் செய்ய அந்த வீட்டுக்கு மட்டும் வரமாட்டேன் என்று மவுஸும் சொல்லிவிட்டார்.

அண்ணி அச்சகத்துக்காகப் புத்தகப் பக்கங்களைக் கணினியில் கோத்துக் கொடுப்பவர், வீட்டிலிருந்தே வேலை. வாத்தியார் பிள்ளை மக்கு என்பதுபோல அவருடைய கணினிக்கு மட்டும் பெட்டி கிடையாது. ஒரு பலகையில் எல்லாவற்றையும் திருகாணி போட்டு முடுக்கி, பன்னிரண்டு வருடம் அம்மணமாக ஓடியது. பல்லி ஏறாமல் இருக்க அண்ணி அதன் மேல் ஒரு பழைய தாவணியைப் போட்டிருந்தார். ஒருநாள் அண்ணனிடம் கேட்டேவிட்டார்.

"ஊருக்கெல்லாம் மலையும் மீனும் செய்றீங்க. எனக்கு ஒரு டப்பா கிடையாதா?"

"உனக்கு என்ன வடிவம்னு இன்னும் பிடிபடல."

"ஏன், நான் என்ன வடிவமே இல்லாமயா இருக்கேன்?"

"அப்படிச் சொல்லல. கைக்கு வரல, அவ்வளவுதான்."

கைக்கு வர மேலும் இரண்டு வருடம் ஆனது. பிறகு ஏழு மாதம், ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும், பின்னறையில் அண்ணியின் பெட்டி வளர்ந்தது. என்ன என்று கேட்டால் சொல்லமாட்டார். படுத்த யானை என்றேன் நான். தபால்காரர் குன்று என்றார், பல் டாக்டர் கடைவாய்ப் பல் என்றார். மேலே இடது மூலையில் ஒரு கையளவு பள்ளம் மட்டும் பாக்கி இருந்தது. அந்த ஞாயிறு காலை பத்து மணிக்கு எபாக்சியைப் பிசைந்து கண்ணாடிமேல் வைத்த பிறகுதான் நானூறாம் நம்பர் உப்புத்தாள் தீர்ந்துபோனது தெரிந்தது. அண்ணி குளித்துவிட்டு வந்து தலை துவட்டிக்கொண்டிருந்தார். "இது இறுகறதுக்குள்ள வந்துடறேன்" என்று அவரிடம் சொல்லிவிட்டு அண்ணன் செருப்பை மாட்டினார். இரண்டு தெரு தள்ளி ஹார்டுவேர் கடை. தாளைச் சுருட்டி வாங்கிக்கொண்டவர், மூச்சு வாங்குகிறது என்று கடை முக்காலியில் உட்கார்ந்தார். பிறகு எழுந்திருக்கவில்லை. அவருக்கு ஐம்பத்தொரு வயது.

மூன்றாம் நாள் பின்னறையைக் கூட்டப் போனபோதுதான் பட்டி இளக்கமாகவே இருப்பதை அண்ணி கண்டார். ஹார்டனர் கம்மி என்றார் பட்டறை முதலாளி. உருண்டைகளை விற்ற கடைக்காரர் தன் சரக்கில் குறையில்லை என்று அதே பெட்டியிலிருந்து புதிதாக ஒன்று பிசைந்து காட்டினார். அது கால் மணி நேரத்தில் ஆணி இறங்காத அளவுக்கு இறுகியது. கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுக்கும் ஒருவர் மிளகளவு கிள்ளிக் காகிதத்தில் மடித்துக்கொண்டார். வாசற்படியைத் தாண்டியதுமே அது சுட ஆரம்பித்தது, தெருமுனைக்குப் போவதற்குள் கல்லாகிவிட்டது. அவர் திரும்பி வந்து, "பட்டில ஒண்ணும் கோளாறு இல்லம்மா. வீட்டுக்குள்ள இன்னும் இருபது நிமிஷம் ஆகல, அவ்வளவுதான்" என்று விளக்கினார். அந்த விளக்கம் எல்லோருக்கும் திருப்தியாக இருந்தது.

அண்ணிக்கு மட்டும் அது வேறு மாதிரி புரிந்தது. இன்னும் இறுகவில்லை என்றால் அவர் சொன்ன கெடு இன்னும் தாண்டவில்லை. அவர் எந்த நேரமும் வரலாம். வந்து பார்க்கும்போது வீடு பூட்டியிருக்கக் கூடாது. அன்றிலிருந்து அண்ணி இருபது நிமிடத்துக்கு மேல் வெளியே இருந்ததில்லை. காய் வாங்கப் போனால் பேரம் பேச நேரமில்லாமல் முதலில் கைக்கு வந்ததை எடுத்துக்கொண்டு வருவார். தங்கை மகள் கல்யாணத்துக்குப் போனவர் மணமக்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, சாப்பிடாமல் திரும்பினார். பல்லைப் பிடுங்கப் பல் டாக்டரே கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். கண் ஆபரேஷனுக்கு ஒருநாள் தங்க வேண்டும் என்றதும் வேண்டாம் என்றுவிட்டார். இடது கண்ணில் பக்கங்கள் மங்கிக்கொண்டே வந்தன. நான் கோபித்துக்கொண்டால், "என்ன தம்பி பண்றது? ஆள் வர்ற நேரத்துல நான் இல்லாம இருக்க முடியுமா?" என்பார்.

பதினோராவது வருடம் வீட்டுக்காரர் கட்டடத்தை விற்றார். இடிக்கப் போகிறார்கள், மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். அண்ணி மூன்று நாள் சாமான் கட்டினார், பின்னறையை மட்டும் தொடவில்லை. பட்டியை வீட்டிலேயே விட்டுப் போனால் இடிபாட்டில் போய்விடும், எடுத்துப் போனால் தெருவில் கல்லாகும். கல்லானால் அவர் வரவில்லை என்று ஆகிவிடும். நான்காம் நாள், சாமானெல்லாம் ஏற்றி வேன் வாசலில் நின்றபோது, அண்ணி சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு பின்னறைக்குப் போனார். அண்ணனின் விரல் பதிந்த பள்ளங்களை ஒருமுறை பார்த்தார். பிறகு பட்டியை இரண்டு கையாலும் எடுத்து, பெட்டியின் பள்ளத்தில் வைத்து, உள்ளங்கையால் அழுத்தினார்.

"வடிவம் தெரியாம வைக்கிறீங்களே அண்ணி."

"உருண்டையா இறுகறதுக்கு, இருக்க வேண்டிய இடத்துலயாவது இறுகட்டும். அந்தப் பக்கம் பிடிங்க தம்பி."

இருவருமாகத் தூக்கிக்கொண்டு படி இறங்கினோம். வாசலைத் தாண்டியதும் மூலை சூடானது. அண்ணி பெட்டியை வேனின் பின்பலகையில் வைத்துவிட்டு, இடது கையை அந்த மூலைமேல் அழுத்தியபடியே நின்றார். டிரைவர் ஹாரன் அடித்தார். பன்னிரண்டு நிமிடம் ஆகியிருக்கும். தெருமுனையில் அண்ணன் திரும்பி வந்தார். அதே கட்டம் போட்ட சட்டை, அக்குளில் சுருட்டிய உப்புத்தாள், வழக்கமான நடை.

"என்ன, வீட்டையே காலி பண்ணிட்டீங்களா?" என்றார்.

"நீங்க கடைக்குப் போன லட்சணத்துக்கு வேற என்ன பண்றது?" என்றார் அண்ணி.

அண்ணன் அவரை உற்றுப் பார்த்தார். "தலையெல்லாம் நரைச்சுடுச்சே உனக்கு."

"நரைக்காம? உப்புத்தாள் வாங்கத்தானே போனீங்க? அந்தத் திமிங்கலத்தைப் பிடிக்கப் போன மாதிரி வர்றீங்க."

அண்ணன் என் பக்கம் திரும்பி என் வயிற்றில் ஒரு தட்டுத் தட்டினார். எனக்கு அப்போது ஐம்பத்தைந்து. "என்னடா, என்னைத் தாண்டிப் போயிட்ட? இனிமே நான்தான் உன்னை அண்ணன்னு கூப்பிடணும் போல" என்றார். நான் சிரித்தேன்.

பிறகு பெட்டியைப் பார்த்தார். அண்ணியின் கை அதன்மேல் இருந்தது. "சரியாத்தான் வச்சிருக்க" என்றார். அது என்ன வடிவம் என்று அண்ணி கேட்டார். "வடிவம் ஒண்ணும் இல்ல. ஒரு பக்கம் முடிஞ்சு அடுத்த பக்கம் வர்றவரைக்கும் நீ இடது கையை மிஷின்மேல வச்சுக்கிட்டு உக்காந்திருப்ப. அந்தக் கைக்கு ஒரு மேடு, மேட்டுல ஒரு பள்ளம். அன்னிக்கு உன்னைக் கூப்பிட்டு அழுத்தச் சொல்லலாம்னுதான் பிசைஞ்சேன். ஈரத் தலையோட நின்ன, அதான் தாள் வாங்கிட்டு வந்து சொல்லலாம்னு போனேன்." அப்படி ஒரு பழக்கம் தனக்கு இருப்பது அண்ணிக்கே தெரியாது.

கையை எடுக்கச் சொன்னார். உள்ளங்கை, ஐந்து விரல், மோதிரத்தின் கோடு எல்லாம் பதிந்து இறுகியிருந்தது. அண்ணன் வேனின் பலகையில் உட்கார்ந்து, ஓரங்களை மட்டும் நானூறாம் நம்பர் தாளால் இழைத்து, தூசியை ஊதி, கண்ணை மூடித் தடவிப் பார்த்தார். மேடு எங்கும் இல்லை. எழுந்து கையைத் தட்டிக்கொண்டு, எல்லோரும் சொல்வதுபோல, "சரி, போயிட்டு வரேன்" என்றார்.

"அப்படிச் சொல்லாதீங்க" என்றார் அண்ணி. "போறேன்னு சொல்லுங்க."

"சீச்சீ. வாசல்ல நின்னு அப்படியா சொல்வாங்க?"

"நீங்க வரேன்னு சொன்னா எனக்கு எதுவுமே காயமாட்டேங்குது. பதினோரு வருஷமா ஈரக் கையோடயே உக்காந்திருக்கேன். எனக்காகச் சொல்லுங்க."

அண்ணன் தாளை மறுபடி சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டார். பேச்சில் பூசி மெழுகத் தெரியாத மனுஷனுக்கே அந்த ஒரு வார்த்தை அவ்வளவு சுலபமாக வரவில்லை. "போறேன்" என்றார். அண்ணி தலையசைத்தார். அண்ணன் தெருமுனைவரை போய் அந்தப் பக்கம் திரும்பி மறைந்ததை நானும் அண்ணியும் டிரைவரும் பார்த்தோம். அண்ணி அழுதார், வேன் கிளம்பும்வரை அழுதார். டிரைவர் ஹாரன் அடிக்கவில்லை.

புது வீட்டில் பெட்டிக்கு நான்தான் பெயிண்ட் அடித்தேன். சாயங்காலத்துக்குள் காய்ந்துவிட்டது. அடுத்த மாதம் அண்ணி கண் ஆபரேஷனுக்குப் போய் இரண்டு நாள் தங்கி வந்தார். தங்கை மகள் வீட்டுக்குப் போனால் ஒரு வாரம் இருக்கிறார். புது வீட்டில் துவைத்த துணி, எந்தப் பருவத்திலும், மற்ற வீடுகளைவிட ஒரு மணி நேரம் முன்பே காய்ந்துவிடுகிறது. அடைமழை நாட்களில் அக்கம்பக்கத்தார் தங்கள் ஈரத்துணியை வாளியோடு கொண்டுவந்து எங்கள் கொடியில் போட்டுவிட்டுப் போகிறார்கள். ஒரு கொடி போதவில்லை என்று போன வாரம் இன்னொன்று கட்டினோம்.