சீனி கொடுத்தது யார்?

அப்பாவின் விரல் நுனியில் ஊசி குத்தும்போதெல்லாம் அந்தக் குத்துத் தனக்கே விழுவதுபோல லவினா முகத்தைச் சுளிப்பாள். அன்றைக்குச் சுளிக்கவும் அவளுக்குச் சீவன் இல்லை. காலையிலிருந்து வெள்ளவத்தைப் புடைவைக் கடையில் சேலை விரித்து மடித்து, அரை நாள் லீவு கேட்டு முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு, பஸ்ஸில் நசுங்கி ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்திருந்தாள்.

நர்ஸ் கையிலிருந்த சின்ன மெஷினைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். "சீனி வெடி" என்றாள்.

சிங்களத்தில் அதற்குச் சீனி அதிகம் என்றுதான் அர்த்தம். லவினாவுக்கு அது தெரியும். இருந்தாலும் அந்த நேரத்தில் அது தமிழ் வெடியாகவே காதில் விழுந்தது.

அப்பா ஸ்ரனிஸ்லாஸ், துறைமுகத்தில் கிளார்க்காக இருந்து பென்ஷன் எடுத்த மனுசன். எழுபது வயதைத் தாண்டியும் சீனி வருத்தம் என்று ஒரு குளிசை போட்டதில்லை. போன கிழமை கோயிலால் வந்து செருப்பைக் கழற்றக் குனிந்தவர் அப்படியே சரிந்துவிட்டார். பாரிசவாதம். வலது கையும் காலும் விளங்காமல் போயின, பேச்சும் போயிற்று. போதாக்குறைக்கு எங்கிருந்தோ இந்தச் சீனியும் வந்து ஏறிக்கொண்டது. சீனி இறங்காவிட்டால் மூளையில் தப்பியிருக்கும் பகுதியும் பழுதாகலாம், பேச்சு திரும்புவது கஷ்டம் என்று டாக்டர் முதலிலேயே சொல்லிவிட்டார். அன்றிலிருந்து லவினாவுக்கு மெஷினில் விழும் எண்தான் அப்பா.

"அம்மாவிடம் காலையில் கேட்டேன், இனிப்பாக ஏதும் கொடுத்தீர்களா என்று. 'ஓவ் மிஸ்' என்று ஒத்துக்கொண்டாரே" என்றாள் நர்ஸ் சிங்களத்தில். "படித்துப் படித்துச் சொன்னோம். வீட்டு ஆட்களே இப்படிச் செய்தால் நாங்கள் என்ன செய்வது?"

லவினாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அம்மா செய்யக்கூடியவள்தான். அம்மா றஞ்சிதத்துக்கு அன்பு என்றால் வாயில் எதையாவது திணிப்பது. காய்ச்சல் வந்தாலும் தீத்துவாள், பரீட்சையில் கோட்டை விட்டாலும் தீத்துவாள். கணவன் வெறும் கஞ்சியோடு கிடக்கிறாரே என்று மனம் பொறுக்காமல், தேத்தண்ணியில் கித்துள் கருப்பட்டியைக் கரைத்து ஒரு கரண்டி ஊற்றியிருப்பாள். கருப்பட்டி சீனி இல்லைத்தானே என்று தனக்குத்தானே நியாயமும் சொல்லியிருப்பாள்.

றஞ்சிதம் வார்ட் வாசலில் கோப்பையைக் கழுவி முந்தானையால் துடைத்துக்கொண்டு நின்றாள். மகளைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"வந்திட்டியா பிள்ளை? அப்பா இண்டைக்கு அரைக் கோப்பை கஞ்சி..."

"ஏனம்மா இப்பிடிச் செய்தனீங்கள்?" லவினாவின் குரல் வராந்தா முழுக்கக் கேட்டது. "அப்பாவைக் கொல்லப் போறீங்களோ? இனிப்புக் குடுத்தனான் எண்டு மிஸ்ஸிட்ட நீங்களே ஒத்துக்கொண்டிட்டீங்கள்தானே?"

றஞ்சிதம் கோப்பையைப் பார்த்தபடி, "ஓம்" என்றாள்.

"அந்தச் சீனியால அப்பாவுக்குக் கதைக்க வராமலே போனா ஆர் பொறுப்பு? நீங்கள்தானே?"

"ஓம்."

"இனி வார்ட் பக்கம் வரவேண்டாம். நான் பாத்துக்கொள்ளுறன். விளங்கினதா?"

"ஓம்."

பக்கத்துக் கட்டில்காரரைப் பார்க்க வந்தவர்கள் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள். றஞ்சிதம் கோப்பையை மகளின் கையில் கொடுத்துவிட்டுப் படியிறங்கிப் போனாள்.

லவினா கடைக்கு லீவு போட்டாள். இத்தாலியில் இருக்கும் தம்பி பிறெடி, "சரியாச் செய்தனீங்கள் அக்கா" என்று வட்ஸ்அப்பில் பெருவிரல் ஒன்றை அனுப்பிவைத்தான். ரோமில் இருந்துகொண்டு தீர்ப்புச் சொல்வதற்கு என்ன குறை. இங்கே கட்டிலடியில் நின்று மல்லுக்கட்டுவது அவனா?

ஸ்ரனிஸ்லாஸ் வாயைத் திறக்கமாட்டேன் என்று அடம்பிடித்தார். கரண்டியைக் கொண்டுபோனால் முகத்தைத் திருப்பி வாசலைப் பார்ப்பார். பிறகு லவினாவின் தோளுக்கு மேலால் பார்ப்பார். யாரைத் தேடுகிறார் என்று அவளுக்குத் தெரியாமலில்லை. "வாயைத் திறவுங்கோ அப்பா, புண்ணியமாப் போகும்" என்று கெஞ்சி, அதட்டி, கடைசியில் அழுது, நாலு கரண்டி உள்ளே போவதற்குள் அவளுக்கு முதுகு விட்டுப்போகும். வீட்டில் அம்மா ஒரு சொல் பேசாமல் கஞ்சி வடித்து பிளாஸ்கில் ஊற்றி மேசையில் வைத்திருப்பாள். லவினாவும் ஒரு சொல் பேசாமல் எடுத்துக்கொண்டு போவாள். அந்த மௌனத்தைச் சுமக்கிற களைப்பு ஆஸ்பத்திரிக் களைப்பைவிட மோசமாக இருந்தது.

இவ்வளவுக்கும் சீனி இறங்கவில்லை. ஒவ்வொரு முறையும் நர்ஸ் மெஷினைப் பார்த்து அதே வெடியைத்தான் போட்டாள்.

டாக்டர் நாகேந்திரம் வார்ட்டுக்கு வந்தபோது லவினா அவரை மறித்துக்கொண்டாள். "அம்மாவை வரவேண்டாம் எண்டு மறிச்சிட்டன் டொக்டர். இனிப்பு ஒரு துளி குடுக்கேல்ல. பிறகும் ஏன் இறங்குதில்ல?"

"ஏன் மறிச்சனீங்கள்?" அவர் உண்மையாகவே விளங்காமல் கேட்டார்.

அவள் சொன்னாள். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைக் கசக்கினார். அவருக்கும் நித்திரை போதாது போலிருந்தது.

"மூளையில அடி விழுந்தா உடம்பு பயந்துபோய்த் தன்னட்ட இருக்கிற சீனியை ரத்தத்துக்க தள்ளும். முந்திச் சீனி வருத்தம் இல்லாத ஆக்களுக்கும் இப்பிடி ஏறும். அப்பாட மூண்டு மாதச் சீனி எப்பிடி எண்டு பாக்கிற டெஸ்ட் செய்தனாங்கள். அது நோர்மல். அப்ப இது பாரிசவாதத்தோட வந்தது. ஒருத்தரும் குடுக்கத் தேவையில்ல. இன்சுலின் கொஞ்சம் கூட்டுறன், இறங்கும்."

"மிஸ் கேக்க அம்மா ஓம் எண்டு சொன்னவ..."

"அம்மா குடுத்ததாலதான் எண்டா, நீங்கள் மறிச்ச பிறகு இறங்கியிருக்க வேணுமே. அவவைக் கூட்டிக்கொண்டு வாங்கோ. அவர் சாப்பிடாமக் கிடக்கிறதுதான் இப்ப எனக்குக் கவலை." சொல்லிவிட்டு அவர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

கொட்டாஞ்சேனை வீட்டுக்குப் பஸ்ஸில் வரும்போது லவினாவுக்கு இருக்கை கிடைத்தது. கிடைத்தும் இருக்கப் பிடிக்கவில்லை. அம்மா கொடுக்கவில்லை என்றால் எதற்கு ஓம் என்றாள்? யோசிக்க யோசிக்கத் தலை வலித்தது.

றஞ்சிதம் குசினியில் கஞ்சியை வடித்துக்கொண்டிருந்தாள். லவினா செருப்பைக்கூடக் கழற்றாமல் கதவடியில் நின்று கேட்டாள்.

"அம்மா, அண்டைக்கு மிஸ் உங்களிட்ட என்ன கேட்டவ?"

"எனக்கெங்க விளங்கினது?" என்றாள் றஞ்சிதம். மன்னாரிலிருந்து கலியாணம் கட்டி வந்தவள். கொழும்பில் முப்பது வருஷமாகியும் அவளுடைய சிங்களம் மரக்கறிக் கடையைத் தாண்டவில்லை. "கெதியாக் கெதியா என்னவோ கேட்டவ. ஓவ் மிஸ் எண்டு சொன்னனான்."

"விளங்காட்டி ஏனம்மா ஓவ் எண்டீங்கள்?"

"வேற என்ன சொல்லுறது? செக்பொயின்ற் காலத்தில ஆமி அடையாள அட்டை கேட்டாலும் ஓவ், எங்க போறாய் எண்டாலும் ஓவ். ஓவ் எண்டா விட்டிடுவாங்கள். மிஸ் கோவிச்சா அப்பாவைத்தானே கவனிக்காம விடுவா."

"அவ சிங்களத்தில கேட்டா. சரி. நான் தமிழிலதானே கேட்டனான்? எனக்காவது இல்லையெண்டு சொல்லியிருக்கலாமே அம்மா?"

றஞ்சிதம் வடிதட்டைக் கீழே வைத்தாள். கோபம் ஒன்றும் முகத்தில் தெரியவில்லை. கோபப்பட்டிருந்தால் லவினாவுக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

"கேட்டமாதிரி இருக்கேல்ல. கத்தினமாதிரித்தான் இருந்தது. ஆர் கத்தினாலும் எனக்கு வாயில அதுதான் வருது."

அடுப்பில் மிச்சக் கஞ்சி கொதித்துப் பொங்கியது. இருவரும் அதை இறக்கவில்லை. அம்மாவைக் கட்டிப்பிடித்து மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று லவினாவுக்கு இருந்தது. ஆனால் அந்த வீட்டில் அப்படி யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லை.

"வெளிக்கிடுங்கோ அம்மா" என்றாள். "அப்பா உங்களைத்தான் தேடுறார். டொக்டரும் கூட்டிக்கொண்டு வரச்சொன்னவர்."

றஞ்சிதம் கையை முந்தானையில் துடைத்தாள். உடனே நகரவில்லை. மகளின் முகத்தை நேரே பார்க்காமல், கழுத்தடியில் எங்கேயோ பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"என்னை உள்ள விடுவீங்களோ?"

பிறந்த நாளிலிருந்து 'நீ', 'பிள்ளை', 'எடி' என்று தவிர வேறு விதமாக அம்மா தன்னைக் கூப்பிட்டதாக லவினாவுக்கு ஞாபகமில்லை.