பிச்சுமணி அடைத்த ஜன்னல்

பிச்சுமணியைத் திட்டாமல் சொரிமுத்துவால் ஒரு செங்கலைக்கூடப் பெயர்க்க முடியவில்லை. தென்காசியின் மேற்கு ஓரத்தில், குற்றாலம் போகிற சாலையை ஒட்டியிருந்த வீட்டை அவன் தலையில் கட்டிவிட்டு, புனலூர்ப் பக்கம் குடிபோய்விட்ட மகராசன் அந்தப் பிச்சுமணி. வீடு என்னவோ வீடாகத்தான் இருந்தது. புறவாசலில் தனியாக நின்ற அடுக்களைதான் வினை. அதை ஆள் வைக்காமல் தானே கட்டியதாக விற்கும்போதே அவர் பெருமையடித்துக்கொண்டார். அப்போதே சொரிமுத்து உஷாராகியிருக்க வேண்டும்.

சுவரில் காரை பூசியிருந்தது. நகத்தால் சுரண்டினால் செங்கலுக்கு நடுவே வெறும் களிமண். பாத்திரம் கழுவுகிற அங்கணத்துத் தண்ணீர் வெளியே போகாமல் அடுப்படியை விசாரித்துக்கொண்டு வந்தது. பரண் என்று ஒன்று இருந்தது. அதில் பானையை வைத்தால் பானையும் பரணும் சேர்ந்தே இறங்கின. மேற்குச் சுவரில் ஒரு ஜன்னல் இருந்திருக்கிறது. அதை உடைந்த ஓடு, கந்தல் சாக்கு, சாணி, மண் என்று கைக்கு அகப்பட்டதையெல்லாம் திணித்து அடைத்து வைத்திருந்தார். புகை போவதற்கு வேறு வழியில்லை. ஓட்டு இடுக்கில் கசிந்தால் உண்டு.

அந்தப் புகையில்தான் தங்கத்தாய்க்கு இழுப்பு வந்தது. கல்யாணமாகிப் பத்து வருஷம் ஆகியும் பிள்ளை இல்லாத குடும்பம். அவனுக்கு அவள், அவளுக்கு அவன். ஐப்பசியில் குடிவந்தார்கள். தை பிறப்பதற்குள் அவள் நெஞ்சு சீழ்க்கை அடிக்க ஆரம்பித்துவிட்டது. மாசியில் அவளுடைய அண்ணன் செல்லச்சாமி சுரண்டையிலிருந்து வில்வண்டி கட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"மாப்பிள, நான் சண்டைக்கு வரல. இன்னும் ஒரு வருஷம் இவ இந்த அடுக்களையில கெடந்தான்னா எனக்குத் தங்கச்சி இல்ல. நீரு இதச் சரி பண்ணும். ஆனி பொறக்கவும் கூட்டிட்டு வாரேன். ஒரு வேளை சோறு பொங்கட்டும். மூச்சு முட்டுச்சுன்னா வந்த வண்டியிலயே திரும்பிருவோம். பொறவு அவ அங்கனதான். நீரு தோதுப்பட்டபோது வந்து பாத்துட்டுப் போவும்" என்றார்.

பார்த்துவிட்டுப் போவதாம்! கட்டின பெண்டாட்டியைச் சாவு வீட்டில் துஷ்டி கேட்கப் போகிறவன் மாதிரிப் போய்ப் பார்த்துவிட்டு வருவதா? சொரிமுத்துவுக்கு அன்று சோறு இறங்கவில்லை.

பிசான அறுவடை முடிந்து நெல் வீடு வந்து சேர்ந்ததும் கடப்பாரையைக் கையில் எடுத்தான். கொத்தனாரைக் கூப்பிடச் சொல்லி ஊரே புத்தி சொன்னது. நம் பெண்டாட்டிக்கு மூச்சு முட்டுவது கொத்தனாருக்கு எப்படித் தெரியும் என்பது அவன் கட்சி. வயலில் வரப்புக் கட்டினவனுக்குச் சுவர் கட்டுவது பெரிய காரியமா என்றும் ஒரு நினைப்பு. முதலில் எழுப்பிய சுவர், அவன் கஞ்சி குடிக்கப் போயிருந்த நேரத்தில் படுத்துக்கொண்டது. அதற்கும் பிச்சுமணிக்குத்தான் வசவு விழுந்தது.

ஆனால் சும்மா சொல்லக்கூடாது, விடாக்கண்டன். தூக்குக்குண்டு விட்டுப் பார்த்து மறுபடி எழுப்பினான். கடுக்காயும் கருப்பட்டியும் ஊறப்போட்ட தண்ணீரில் சுண்ணாம்பைக் குழைத்தான். சுண்ணாம்பு தின்ற விரல்களால் சோற்றைப் பிசைய முடியாமல், கஞ்சியாகவே குடித்து நாளை ஓட்டினான். தரையைக் கொத்தி எடுத்து வாட்டம் பார்த்துப் போட்டு, ஒரு குடம் தண்ணீரைக் கவிழ்த்துவிட்டுக் குத்தவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். தண்ணீர் நேராக அங்கணத்துக்குப் போய் வெளியே விழுந்தது. அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. பக்கத்தில் யாரும் இல்லாதது நல்லதாகப் போயிற்று.

கிழக்குச் சுவரை ஒட்டி அடுப்புப் போட்டான். பொங்குகிறவள் கிழக்கே பார்த்து உட்கார வேண்டுமல்லவா? அடுப்புக்கு மேலே இருந்த சுவரை மட்டும் முட்டை வெள்ளைக்கரு தேய்த்து, கூழாங்கல்லால் மழுமழுவென்று இழைத்தான். மேற்குச் சுவரில் பிச்சுமணி திணித்து வைத்திருந்த குப்பையையெல்லாம் பிடுங்கி எறிந்து, ஜன்னலை முன்னைவிட அகலமாக்கினான். புகை போவதற்கு மட்டும் அல்ல. சாரல் விழுந்துவிட்டால் தங்கத்தாய் வீட்டுக்குள் தரிக்க மாட்டாள்; வாசலில் நின்று முகத்தை மேற்கே நீட்டிக்கொண்டிருப்பாள். இனி அடுக்களையில் இருந்தபடியே குற்றாலத்து மலையைப் பார்க்கலாம், சாரலும் முகத்தில் அடிக்கும். சாரல் வரும் திசையைப் போய் எவனாவது அடைப்பானா? பிச்சுமணியைத் தவிர வேறு எந்தத் தென்காசிக்காரனும் அடைக்க மாட்டான்.

சித்திரை வெயிலில் பச்சை மட்டையைக் கொளுத்திப் பார்த்தான். புகை மெல்ல எழுந்து, உத்தரத்தைத் தொட்டு, ஜன்னல் வழியாக மலையைப் பார்த்துப் போயிற்று. தினமும் ஒரு தரம் கொளுத்திப் பார்த்து, தினமும் சிரித்துக்கொண்டான்.

ஆனி பிறந்தது. செல்லச்சாமி சொன்ன சொல் தவறாமல் வந்தார். வண்டியிலிருந்து இறங்கிய தங்கத்தாயைப் பார்த்ததும் சொரிமுத்துவுக்குத் திக்கென்றது. நெஞ்சில் சீழ்க்கை இல்லை, முகத்தில் தெளிவு இருந்தது. ஆனால் மணிக்கட்டில் நிற்க வேண்டிய வளையல் முழங்கை வரைக்கும் ஏறி இறங்கியது.

அவள் அடுக்களைக்குள் போய்ச் சுவரைத் தடவினாள். தரையில் காலைத் தேய்த்துப் பார்த்தாள். ஜன்னலண்டை நின்று முகத்தை மேற்கே நீட்டினாள்.

"இம்புட்டும் நீங்களா செஞ்சீங்க?"

"பின்னே, பிச்சுமணியா வந்து செஞ்சுட்டுப் போனாரு?"

அவள் சிரித்துக்கொண்டே அடுப்பைப் பற்றவைத்தாள். அண்ணன் நிலைப்படியில் கைகட்டிக்கொண்டு நின்றார். உலை கொதிக்கத் தொடங்கியபோது மலை இருட்டிக்கொண்டு வந்தது. சாரல் விழுந்தது. கூடவே செங்கோட்டைக் கணவாயிலிருந்து காற்றும் இறங்கியது.

அந்தக் காற்று புது ஜன்னல் வழியாக நேரே உள்ளே வந்தது. வெளியே போக வேண்டிய புகையை அப்படியே மடக்கி, கிழக்குச் சுவரில் அறைந்து, தங்கத்தாயின் முகத்தில் கொட்டியது. நாலு கண்ணிமைப்புக்குள் அடுக்களையில் ஆள் முகம் தெரியவில்லை. அவள் இருமினாள். நிற்காமல் இருமினாள்.

சொரிமுத்து பாய்ந்து தன் தோள்துண்டை ஜன்னலில் திணித்தான். அது போதவில்லை. மூலையில் கிடந்த சாக்கை எடுத்துத் திணித்தான். ஓட்டுத்துண்டு ஒன்றைத் தேடிக் கை போனபோதுதான், தான் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்பது அவனுக்கு உறைத்தது. பிச்சுமணி செய்த வேலைகளிலேயே காரணத்தோடு செய்த வேலை இது ஒன்றுதான். அந்த ஒன்றைத்தான் தேடிப் பிடித்து உடைத்திருக்கிறோம்! அடைத்தும் பயனில்லை. காற்று நின்றது, புகை நிற்கவில்லை. மாசி மாதத்து அடுக்களை மறுபடியும் வந்துவிட்டது.

"வெளிய வா தாயி" என்று செல்லச்சாமி தங்கையைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போய் ஓட்டுத் தாழ்வாரத்தில் நிறுத்தினார். அவருக்கும் கண்ணில் நீர், புகையாலும் இருக்கலாம். "மாப்பிள, நீரு பாடுபட்டது தெரியுது. கண்ணு இருக்கு எனக்கு. ஆனா சொன்னது சொன்னதுதான். வண்டி பூட்டுதேன்."

சொரிமுத்து கடுக்காய்க் கறை போகாத கைகளைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றான். அவளைப் பார்க்க அவனுக்குத் தைரியம் வரவில்லை.

தங்கத்தாய் மூச்சை ஒருநிலைப்படுத்திக்கொண்டு மறுபடி அடுக்களைக்குள் எட்டிப் பார்த்தாள். சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு போய், ஜன்னலில் திணித்திருந்த சாக்கையும் துண்டையும் பிடுங்கிப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். புகை சுவரில் முட்டித் திரும்புவதை வாசலில் நின்று பார்த்தாள்.

"ஏங்க, கடப்பாரை எங்கன கெடக்கு?"

"எதுக்குட்டி?"

"காத்து வந்துட்டுது. போறதுக்கு வழியில்லாம முட்டிக்கிட்டு நிக்கி. அடுப்புக்கு மேல, உத்தரத்துக்குக் கீழ, ரெண்டு கல்ல உருவுங்க."

அது முட்டை தேய்த்து இழைத்த சுவர். சொரிமுத்து அதை ஒரு கணம் பார்த்தான், ஒரு கணம்தான். வெளிப்பக்கமாகச் சுற்றிப் போய், ஏணியை வைத்து ஏறிக் கடப்பாரையை ஓங்கினான். பிச்சுமணி கட்டியதாக இருந்தால் ஒரே இடியில் விழுந்திருக்கும். இது அவன் கட்டிய சுவர், லேசில் விடவில்லை. வண்டி பூட்டப் போன செல்லச்சாமி கொஞ்சநேரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து, பெயர்ந்த கற்களைக் கீழே நின்று வாங்கிப் போட்டார்.

மூன்றாவது கல் வந்ததும் புகை அந்த வழியாகத் தலையை நீட்டியது. ஐந்தாவது கல்லுக்குப் பிறகு, மேற்கே நுழைந்த காற்று புகையை அள்ளிக்கொண்டு கிழக்கே போய்க்கொண்டே இருந்தது. கீழே அடுப்படி துடைத்த மாதிரி ஆயிற்று. தங்கத்தாய் உள்ளே போய், காற்றில் குதித்த தீயைத் தணித்து, விறகைச் சீராக்கி உட்கார்ந்தாள். ஓரிரு தரம் இருமினாள். பிறகு உலையின் சத்தம் மட்டும் கேட்டது.

செல்லச்சாமிக்கு அரை மனசுதான். இலை போட்டு உட்கார்ந்த பிறகும் விடவில்லை.

"இன்னைக்குச் சரிதான் தாயி. நாளைக்கு? நல்லா யோசிச்சுக்கோ. நம்ம வீட்டுல நாலு மாசம் இருந்தே. ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, இருமியிருக்கியா?"

"இல்லண்ணே" என்றாள் தங்கத்தாய். "ஒரு நாளு பசிச்சதும் இல்ல."

செல்லச்சாமி அவள் கை வளையலைப் பார்த்தார். நாலு மாசமாகத் தன் வீட்டிலேயே பார்த்துக்கொண்டிருந்த வளையல்தான். சோற்றில் கை வைத்தவர் அதன் பிறகு வண்டியைப் பற்றிப் பேசவே இல்லை.

அவர் எழுந்து போனதும் தங்கத்தாய் இலை போட்டு உட்கார்ந்தாள். சொரிமுத்து பரிமாறினான். சுண்ணாம்பில் வெந்த விரல்களில் அகப்பை நிற்காமல் சோறு கொஞ்சம் தரையில் சிந்தியது. அவள் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டு முடித்து, இன்னும் கொஞ்சம் போடச் சொல்லி இலையை அவன் பக்கம் நகர்த்தினாள்.